சோறு போட்ட கற்கள்

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் எங்கள் கிள்ளைக்கு எழுந்தருளி, தீர்த்தவாரி முடிந்து திரும்பிய மறு வாரம் அது. வந்த விருந்தாளிகள் எல்லாம் கிளம்பி, பெரிய பாத்திரங்களைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டு, ‘அப்பாடா’ என்று கூடத்தில் உட்கார்ந்தேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் தொலைக்காட்சியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இங்க வந்து பாரேன்! காட்டுக்குள்ள ஒரு ஊரே புதைஞ்சு கிடக்கு!”

எட்டிப் பார்த்தேன். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு. அங்கே மாயா இனத்தார் கட்டிய டிக்கால் என்ற நகரம். மரங்களின் தலைக்கு மேலே கல் கோபுரங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் ஆறு கிடையாதாம். மழைத் தண்ணீரைப் பெரிய பெரிய குளங்களில் தேக்கி வைத்தே ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வறட்சியும் சண்டையும் சேர்ந்துகொள்ள, ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி, காடு மூடிவிட்டதாம்.

“எனக்கு அங்க போகணும்ப்பா” என்றாள் மகள்.

என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார். “குவாத்தமாலாவுக்கு டிக்கெட் எடுக்க என்னால ஆகாதும்மா. ஆனா அதே மாதிரி ஒரு ஊரு நமக்கு அறுபது கிலோமீட்டருக்குள்ள இருக்கு. காலையில போனா சாயங்காலம் விளக்கு வைக்கறதுக்குள்ள திரும்பிடலாம்.”

அவர் சொன்னது கங்கைகொண்ட சோழபுரம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இந்தப் பக்கத்திலேயே பிறந்து, இந்தப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதிதில் ஒருமுறை அந்தக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே கோயில் தெரியும். ஊர் ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை!

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் பேசினோம். வெயில் காலம் தொடங்கிவிட்டதால் புளிச்சோறு, தயிர்ச்சோறு, வறுத்த மோர்மிளகாய், ஒரு பெரிய கூஜா நிறைய நீர்மோர் எல்லாம் எடுத்துக்கொண்டேன். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலி. ‘நீங்க இருங்க அத்தை’ என்று சொல்லிப் பார்த்தேன். “கார்லதானே போறோம், நானும் வர்றேன்” என்று எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சிதம்பரம் தாண்டி காட்டுமன்னார்கோயில் சாலையில் திரும்பியதும் கண்ணுக்குக் குளிர்ச்சி. சம்பா அறுவடை முடிந்து, சில இடங்களில் தார்ச் சாலையிலேயே நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. அவனுக்கு வீரநாராயணன் என்ற பட்டம் உண்டு. அந்தப் பெயர்தான் மருவி வீராணம் ஆயிற்று. 2004-லிருந்து சென்னைக்குக் குடிதண்ணீரும் இங்கிருந்து போகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் வெட்டிய ஏரி இன்றைக்குச் சென்னை வீட்டுக் குழாயில் வருகிறது என்றால் ஆச்சரியம்தானே!

மீன்சுருட்டியைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் வயல்களுக்கு நடுவே விமானம் தெரிந்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கட்டிய கோயில். ஏறக்குறைய 180 அடி உயரம். தஞ்சையைவிடக் கொஞ்சம் குறைவு. தஞ்சை விமானம் கம்பீரமாக நேராக நிமிர்ந்து நிற்கும். இது சற்றே உள்வாங்கி, வளைந்து, நளினமாக மேலே போகிறது. “அது அப்பா, இது அம்மா மாதிரி இருக்கு” என்றாள் என் மகள். எனக்கு அது சரியாகவே பட்டது.

ராஜேந்திரன் 1014 முதல் 1044 வரை அரசாண்டவன். அவனுடைய படை வடக்கே கங்கைக்கரை வரை போய் வென்று, தோற்ற அரசர்களின் தலையில் கங்கை நீர்க் குடங்களைச் சுமத்திக்கொண்டு வந்ததாம். அந்த வெற்றிக்காகத் தஞ்சாவூரை விட்டு, இங்கே புதிதாக ஒரு தலைநகரம் எழுப்பினான். மேற்கே பெரிய ஏரி ஒன்றை வெட்டி, கொண்டு வந்த கங்கை நீரை அதில் விட்டு, சோழகங்கம் என்று பெயர் வைத்தான். மற்ற ராஜாக்கள் ஜெயித்தால் கல்லில் தூண் நடுவார்கள். இவன் தண்ணீரால் ஒரு வெற்றித்தூண் நட்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த ஏரியைத்தான் இப்போது பொன்னேரி என்கிறார்கள்.

அதற்குப் பிறகு சுமார் 250 வருஷம், 1279-ல் சோழர் ஆட்சி முடிகிற வரைக்கும், இதுதான் தலைநகரம். டிக்கால் நகரம் ஓய்ந்துபோன அதே ஒன்பதாம் நூற்றாண்டில்தான் இங்கே விஜயாலயன் தஞ்சையைப் பிடித்துச் சோழர் ஆட்சிக்கு வித்திட்டான் என்று என் கணவர் சொன்னார். உலகத்தில் ஒரு மூலையில் விளக்கு அணையும்போது இன்னொரு மூலையில் ஏற்றுகிறார்கள் போலிருக்கிறது!

கோயிலுக்குள் போனோம். மூலவர் லிங்கம் 13 அடி உயரம். நிமிர்ந்து பார்த்துத்தான் கும்பிட வேண்டும். ஆனால் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது வெளிச்சுவரில் உள்ள ஒரு சிற்பம். சிவபெருமான் பார்வதியோடு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் சண்டேசர் கைகூப்பி உட்கார்ந்திருக்க, அவர் தலையைச் சுற்றிச் சிவன் தன் கையாலேயே பூமாலையைச் சுற்றிவிடுகிறார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளைக்குத் தலை பின்னிப் பூ வைக்கிறோமே, அதே கவனம், அதே வாஞ்சை அந்த விரல்களில்! அந்தச் சண்டேசர் ராஜேந்திரனே என்று சொல்கிறவர்களும் உண்டாம்.

வாசலில் பூ விற்கிற அம்மா என் மாமியாருடன் சிநேகமாகிவிட்டார். ஐப்பசி பௌர்ணமிக்கு வரச் சொன்னார். அன்றைக்கு அன்னாபிஷேகம். நூறு மூட்டை அரிசி, அதாவது 2,500 கிலோ பச்சரிசியைச் சோறாக்கி, அந்த 13 அடி லிங்கத்தையும் மூடுவார்களாம். பிறகு அதையே எல்லோருக்கும் பிரசாதமாகக் கொடுப்பார்கள். வீட்டில் பத்துப் பேருக்குச் சோறு வடிக்கவே எனக்கு மூச்சு வாங்குகிறது. நூறு மூட்டையா!

பிறகு பிராகாரத்தைச் சுற்றி வந்தபோதுதான் கவனித்தேன். இவ்வளவு பெரிய கோயிலுக்கு மதில் ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது? ராஜகோபுரம் எங்கே? அடிப்பாகம் மட்டும் சிதைந்து நிற்கிறதே?

“வெள்ளைக்காரன் காலத்துல எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார் என் கணவர். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்களாம். நாம் அணைக்கரை என்று சொல்கிறோமே, அதுதான். அணைக்குக் கல் வேண்டும். இந்தப் பக்கத்தில் மலை ஏது? பக்கத்தில் கிடைத்தது கோயில் மதில். சிற்பம் செதுக்கிய கல்லையும் விடவில்லை. ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நடக்கவில்லை. தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சொன்ன வாக்கும் ஒழுங்காக நிறைவேறவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. “கோயில் கல்லை எடுக்க எப்படித்தான் மனசு வந்துதோ?” என்று புலம்பிக்கொண்டே காரில் ஏறினேன்.

அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு. ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடம். கல்வெட்டுகளில் முடிகொண்ட சோழன் திருமாளிகை, சோழ கேரளன் திருமாளிகை என்றெல்லாம் அழகழகான பெயர்கள் வருகின்றன. ஆனால் போய்ப் பார்த்தால்... பள்ளம் தோண்டி, அதற்குள் செங்கல் சுவர்களின் அடிப்பாகம். அவ்வளவுதான்! கடாரம் வரைக்கும் கப்பல் படை அனுப்பிய மகாராஜாவின் வீட்டில் இன்று ஒரு வாசற்படிகூட முழுதாக இல்லை.

தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே 1980-லிருந்து சில தடவைகளும், 2021 முதல் மறுபடியும் அகழாய்வு செய்திருக்கிறது. சுவர்கள் மூன்றரை அடிக் கனம். கல் அடித்தளத்தின் மேல் மரத்தூண் நிறுத்தி, ஓடு வேய்ந்த மாளிகையாம். தோண்டியதில் கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தப் பொருட்கள், வளையல் துண்டுகள், சீன தேசத்துப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. பாண்டியர்களிடம் தோற்றுச் சோழர் ஆட்சி முடிந்தபின் நகரம் பாழடைந்துவிட்டது. மிச்சமிருந்த செங்கல்லையும் அக்கம்பக்கத்து ஊரார் தலைமுறை தலைமுறையாக எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் பெயர்கள் மட்டும் போகவில்லை, பாருங்கள்! சுற்றிலும் உள்ள கிராமங்களைக் கேளுங்கள். கோட்டைக்கு உள்ளே இருந்தது உட்கோட்டை. ஆயுதங்கள் இருந்த இடம் ஆயுதக்களம். அரசனுக்கு மெய்க்காவலர்கள் இருந்தது மெய்க்காவல்புத்தூர். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அரைத்தது சுண்ணாம்புக்குழி. கல்லும் செங்கல்லும் போன பிறகும் ஜனங்களின் வாயில் ஒரு தலைநகரமே உட்கார்ந்திருக்கிறது. பஸ் கண்டக்டர் தினமும் கூவிக் கொண்டிருக்கிறார்!

சகோதரிகளே, இப்போது ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். மேட்டின் ஓரமாக நடந்து வரும்போது காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் ஓட்டுத் துண்டு. உள்ளங்கை அகலம். நல்ல சிவப்பு. ஓரத்தில் ஒரு வளைவு. யாரும் பார்க்கவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ‘நவராத்திரிக் கொலுவில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து, ராஜேந்திர சோழன் அரண்மனை ஓடு என்று எழுதி வைத்தால் தெருவே வந்து பார்க்கும்’ என்று மனசுக்குள் கணக்கு.

மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் அணைக்கரையையும் பார்க்க வேண்டும் என்றாள். மீன்சுருட்டி வந்து தெற்கே திரும்பினால் அதிக தூரமில்லை. கொள்ளிடத்தில் அணைக்கு மேல் பக்கம் தண்ணீர் அகலமாக விரிந்து கிடந்தது. நான் கரையில் நின்று, எந்தக் கல் கோயில் கல்லாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை.

“இங்கிருந்துதான் வடவாறு பிரியுது. அதுதான் வீராணத்தை ரொப்பறது” என்றார் என் கணவர். “வடக்கு ராஜன் வாய்க்காலும் இதுலேருந்துதான். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வயல் எல்லாம் இந்தத் தண்ணியாலதான்.”

என் மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப காலையில ரோட்டுல காஞ்சுக்கிட்டிருந்த நெல்லு?”

“இந்தத் தண்ணியில விளைஞ்சதுதாம்மா.”

“நம்ம டப்பாவுல இருந்த தயிர்ச்சோறு?”

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அரிசி சிதம்பரம் பக்கத்து நெல்தான்.

“கல்ல எடுத்தது பாவம்தான்” என்றார் மாமியார் மெதுவாக. “கேக்காம எடுத்தது இன்னும் பாவம். ஆனா அந்தக் கல்லு சும்மா கிடக்கல. இருநூறு வருஷமா சோறு போடுது. அந்தச் சோறு ஐப்பசி மாசம் அந்தச் சாமி தலையிலேயே போய் ஏறுது. பாத்தியா கணக்க?”

எனக்குப் பேச்சு வரவில்லை. தடுத்துத் தோற்ற அந்த ஊர் ஜனங்களுக்கு இது சமாதானம் ஆகுமா என்றால் ஆகாது. போன சிற்பங்கள் போனவைதான். அந்தக் கற்களில் எழுத்து இருந்திருந்தால் அதுவும் போனதுதான். ஆனாலும் வயிற்றில் எரிந்த எரிச்சல் அடங்கிவிட்டது.

அந்த உற்சாகத்தில் கைப்பையைத் திறந்து, “அத்தை, இதப் பாத்தீங்களா? அரண்மனை ஓடு!” என்று கைக்குட்டையை விரித்தேன்.

மாமியார் அதைக் கையில் வாங்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

“எம்.ஜி.ஆர். திட்டுக்கு நாம போனது ஞாபகம் இருக்கா?” என்றார்.

வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே, பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைத் தாண்டி, கடலோரத்தில் இருந்த மீனவக் குப்பம் அது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில் அழிந்துபோயிற்று. பிழைத்தவர்கள் கிள்ளைக்கு வந்து குடியேறினார்கள். திட்டில் இன்று யாரும் இல்லை. இடிந்த சுவர்கள்தான். சில வருஷம் கழித்து, அங்கே வாழ்ந்த, எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மாவோடு படகில் போய்ப் பார்த்தோம்.

“அவ அங்க நின்னுக்கிட்டு, ‘இதுதான் எங்க அடுப்பங்கரை, இங்கதான் எம் புள்ள ஒக்காந்து சாப்பிடும்’னு காட்டினா. நாலு செங்கல்லுதான் இருந்துது. அது அங்க இருந்ததாலதான் அவளால காட்ட முடிஞ்சுது. அதுல ஒண்ண யாராவது தூக்கிக்கிட்டு வந்து தன் வீட்டுல வெச்சா, அது என்ன? வெறும் செங்கல்லு.”

கையிலிருந்த ஓட்டைப் பார்த்தேன். எந்தச் சுவர் ஓரத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான், இது கூடத்து ஓடா, தாழ்வாரத்து ஓடா, என்ன காலத்தது என்று படித்தவர்களால் சொல்ல முடியும். நான் எடுத்துவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. காலையிலிருந்து ‘எடுக்க எப்படி மனசு வந்ததோ’ என்று வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேனே! அவனாவது அணை கட்டினான். நான் கொலுவில் பெருமை அடித்துக்கொள்ளத்தானே எடுத்தேன்?

“ஏங்க, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க” என்றேன்.

“இப்பவா? மணி நாலரை!”

“இப்பத்தான்.”

மீன்சுருட்டியில் வீட்டுக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டிய கார் இடது பக்கம் திரும்பியது. என் கணவர் வாடகைக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தார். மகள் மட்டும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாளிகைமேட்டில் அதே இடத்தில், நான் இடறிய அதே மேட்டு ஓரத்தில், ஓட்டை வைத்துவிட்டு, அங்கிருந்த காவல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “எடுத்துட்டுப் போறவங்க உண்டும்மா, திருப்பிக் கொண்டாந்து வெச்சவங்கள இப்பத்தான் பாக்கறேன்” என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டு மணி. இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும் வைத்துச் சோறு வடித்தேன். அரிசி களையும்போது அன்றைக்கு ஒரு மணி கூடச் சிந்த மனம் வரவில்லை.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வழியாகவும், கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகவும் போகலாம். அருகில் உள்ள பெரிய ஊர் ஜெயங்கொண்டம்.

காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். நடுப்பகலில் சந்நிதி சாத்தியிருக்கும். கல் தரையும் சுடும். சின்னக் குழந்தைகளுக்குக் காலுறை போட்டுவிட்டால் கால் கொப்பளிக்காது.

மாளிகைமேட்டில் நிழல் குறைவு. தொப்பி, குடை, குடிதண்ணீர் கட்டாயம். நீர்மோரில் கொஞ்சம் உப்பு கூடப் போட்டுக்கொள்ளுங்கள்.

வயதானவர்களை ‘முடியாது’ என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெதுவாக நடத்திக் கூட்டிப் போங்கள்.

குழந்தைகளுக்குக் கோயிலை மட்டும் காட்டாமல் மாளிகைமேட்டையும் அணைக்கரையையும் சேர்த்துக் காட்டுங்கள். மூன்றையும் பார்த்தால்தான் கதை முழுசாகப் புரியும். திரும்பி வரும்போது கைப்பையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்!